தண்ணீர் இறங்கினால் போதுமா? வீட்டு செப்டிக் தொட்டியைத் தவறாமல் பார்வையிட வேண்டியதன் அவசியம்

கழிவறையில் தண்ணீர் ஊற்றினால் இறங்குகிறது, வீட்டுக்குள் நாற்றமும் இல்லை. ஆகவே செப்டிக் தொட்டி நன்றாகத்தான் இருக்கிறது என்பது பல குடும்பங்களின் எண்ணம். இந்த எண்ணம் தவறானது. நம் நாட்டுத் தரை வீடுகளில் உள்ள தொட்டி நிறைந்துவிட்டாலும் உடனே அடைத்துக்கொள்வதில்லை. உள்ளே தங்க வேண்டிய கசடு, வெளியேறும் குழாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால்வாயில் இறங்கிவிடுகிறது. வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரிவதில்லை. கால்வாய் ஓரம் விளையாடும் பிள்ளைகளுக்கும், அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் ஆற்றுக்கும்தான் கேடு.

இதனால்தான் தொட்டியைக் குறித்த காலத்தில் பார்வையிடுவது முக்கியமாகிறது. கழிவறை அடைத்த பிறகு ஆளைக் கூப்பிடுவது பராமரிப்பு ஆகாது. அதற்குள் கேடு பல மாதங்களாக, சில வீடுகளில் பல ஆண்டுகளாக, நடந்து முடிந்திருக்கும்.

யார் வீட்டில் தொட்டி இருக்கிறது?

புதிய தாமான்களில் பெரும்பாலும் எல்லா வீட்டுக் கழிவும் நிலத்தடிக் குழாய் வழியே பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கே வீட்டுக்கென்று தனித் தொட்டி கிடையாது. பழைய தாமான்கள், கடைவீடுகள், புதுக்கிராமங்கள், கம்போங் வீடுகள், தோட்டக் குடியிருப்புகள், மலிவுவிலைத் தரை வீடுகள் ஆகியவற்றில்தான் தனித் தொட்டிகள் அதிகம்.

நம் மக்களில் பலர் தோட்டத்து லயன் வீடுகளில் வளர்ந்தவர்கள். அங்கே கழிவறை, கால்வாய், தண்ணீர் எல்லாம் நிர்வாகத்தின் பொறுப்பு. கோளாறு என்றால் கிராணியிடமோ மேலாளரிடமோ சொன்னால் ஆள் வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் மேம்பாட்டுக்கு விற்கப்பட்டும் போனபின், குடும்பங்கள் நகரத்தில் சொந்த வீடு வாங்கிக் குடியேறின. வீட்டுச் சாவியோடு தொட்டியின் பொறுப்பும் கைக்கு வந்தது. ஆனால் அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. முப்பது ஆண்டுகள் குடியிருந்தும் தொட்டி எந்தப் பக்கம் புதைந்திருக்கிறது என்று தெரியாதவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

தன் வீட்டில் தொட்டி இருக்கிறதா என்று தெரிந்துகொள்வது கடினமில்லை. கழிவுநீர்ச் சேவைக்கான பில் வந்தால் அதைப் பார்க்கலாம், அல்லது இண்டா வாட்டர் அலுவலகத்தில் முகவரியைச் சொல்லிக் கேட்கலாம். கிளந்தான், சபா, சரவாக் மாநிலங்களில் இந்தச் சேவை வேறு அமைப்புகளிடம் உள்ளது. அங்கே ஊராட்சி மன்றத்தை முதலில் அணுகுவது நல்லது. வீட்டின் கட்டட வரைபடத்திலும் தொட்டியின் இடம் குறிக்கப்பட்டிருக்கும். வரைபடம் இல்லாவிட்டால், கழிவறைக் குழாய் சுவரைத் தாண்டி எந்தத் திசையில் போகிறது என்று பார்த்தாலே இடம் பிடிபட்டுவிடும். வீட்டின் முன்புறமோ பின்புறமோ தரையில் இருக்கும் ஒன்று அல்லது இரண்டு மூடிகள்தான் அடையாளம்.

தொட்டிக்குள் நடப்பது என்ன?

பழைய வீடுகளில் தொட்டி செங்கல்லாலோ காங்கிரீட்டாலோ கட்டப்பட்டிருக்கும். பிற்காலத்து வீடுகளில் ஆலையில் செய்து கொண்டுவந்து புதைத்த ஃபைபர் தொட்டிகள் உண்டு. எந்த வகையானாலும் வேலை ஒன்றுதான்.

கழிவறையிலிருந்து வரும் கழிவு முதல் அறைக்குள் நுழைகிறது. கனமானவை அடியில் படிந்து கசடாகின்றன. எண்ணெயும் கொழுப்பும் இலேசானவையும் மேலே மிதந்து ஏடாகப் படிகின்றன. நடுவில் நிற்கும் தண்ணீர் இரண்டாம் அறைக்குப் போய், அங்கே மேலும் தெளிந்து, வெளிக்குழாய் வழியே வெளியேறுகிறது. காற்று இல்லாத இடத்தில் வாழும் நுண்ணுயிர்கள் கசடின் ஒரு பகுதியைத் தின்று கரைக்கின்றன. மிச்சம் அடியிலேயே தங்கிவிடும். அது தானாக மறையாது. அதை லோரி கொண்டு உறிஞ்சி எடுத்தே ஆகவேண்டும்.

நுழையும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் ‘டி’ எழுத்து வடிவில் ஒரு துண்டு பொருத்தப்பட்டிருக்கும். மேலே மிதக்கும் ஏடும் அடியில் கிடக்கும் கசடும் வெளியே போகாமல் தடுப்பது அந்தத் துண்டுதான். விலை குறைந்த பொருள்தான். அது உடைந்து விழுந்துவிட்டால் தொட்டி இருந்தும் இல்லாதது போலத்தான். மூடியைத் திறந்து பார்க்காமல் அது உடைந்திருப்பது யாருக்கும் தெரியாது.

நிறைந்த தொட்டி ஏன் அமைதியாக இருக்கிறது?

தொட்டியில் எப்போதும் தண்ணீர் நிறைந்தே இருக்கும். புதிய தொட்டியும் முதல் சில வாரங்களில் வெளிக்குழாய் மட்டம் வரை நிறைந்துவிடும். அதன்பின் உள்ளே எவ்வளவு வருகிறதோ அவ்வளவு வெளியேறும். ஆகவே ‘தொட்டி நிறைந்துவிட்டது’ என்று சொல்லும்போது, கசடு நிறைந்துவிட்டது என்று பொருள்.

கசடு கூடக்கூட, தண்ணீர் தெளிவதற்கான இடம் சுருங்குகிறது. ஒரு நாள் முழுக்க நின்று தெளிய வேண்டிய தண்ணீர் சில மணி நேரத்திலேயே வெளியேறிவிடுகிறது. போகும்போது கசடையும் கூட்டிக்கொண்டு போகிறது. கழிவறையில் அடைப்பு இல்லை. ஆனால் தொட்டி தன் வேலையை நிறுத்திவிட்டது.

வெளியேறும் இந்தத் தண்ணீர் எங்கே போகிறது? நம் தாமான்களில் பெரும்பாலான தொட்டிகளின் வெளிக்குழாய் கால்வாயில்தான் முடிகிறது. கால்வாய் ஓடைக்கும், ஓடை ஆற்றுக்கும் போகிறது. நாட்டின் குடிநீர் பெரும்பகுதி ஆறுகளிலிருந்தே எடுக்கப்படுகிறது. ஒரு தாமானில் நூறு வீட்டுக்காரர்களும் ‘நம் வீட்டுத் தொட்டி மட்டும்தானே’ என்று நினைத்தால், ஆற்றில் கலப்பது நூறு வீட்டுக் கழிவு.

சுத்தமாகாத மலக்கழிவில் வயிற்றுப்போக்கு, டைபாய்டு, காலரா, ஏ வகை மஞ்சள் காமாலை ஆகியவற்றின் கிருமிகளும் குடற்புழு முட்டைகளும் இருக்கலாம். கால்வாயில் விழுந்த பந்தை எடுக்கும் பிள்ளையின் கையிலும், மழையில் கால்வாய் பொங்கும்போது வாசலுக்கு வரும் தண்ணீரிலும் அவை இருக்கும்.

எத்தனை ஆண்டுக்கு ஒரு முறை?

இரண்டு முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை கசடை எடுக்க வேண்டும் என்பது நாட்டில் நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் அளவு. ஆனால் எல்லா வீட்டுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது. ஓர் எளிய கணக்கைப் பார்க்கலாம்.

ஒருவரால் ஆண்டுக்கு ஏறக்குறைய 40 லிட்டர் கசடு சேரும் என்பது பொறியாளர்கள் பொதுவாகப் பயன்படுத்தும் அளவு. ஐந்து பேர் உள்ள குடும்பத்தில் ஆண்டுக்கு 200 லிட்டர். தொட்டியின் கொள்ளளவு 3,000 லிட்டர் என்று வைத்துக்கொண்டால், அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 1,000 லிட்டர் நிறைய ஐந்து ஆண்டு ஆகும். அதே வீட்டில் பத்துப் பேர் இருந்தால் இரண்டரை ஆண்டு போதும். மேலே மிதக்கும் ஏட்டையும் கூட்டினால் காலம் இன்னும் குறையும். பழைய தொட்டிகள் சிறியவை என்றால் அதற்கும் குறைவு.

நம் நாட்டில் ஒரு வீட்டில் ஐந்து பேர், ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்ற அடிப்படையில்தான் கழிவுநீர் அமைப்புகள் வடிவமைக்கப்படுகின்றன. தாத்தா பாட்டி, மகன் மருமகள், பேரப்பிள்ளைகள் என்று ஒன்பது பத்துப் பேர் சேர்ந்து வாழும் வீட்டிலும், அறை அறையாகத் தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்ட வீட்டிலும் தொட்டி அந்த அளவைத் தாண்டி உழைக்கிறது. இத்தகைய வீடுகளில் ஆண்டுக்கு ஒரு முறையாவது மூடியைத் திறந்து அளவு பார்ப்பது அவசியம்.

மாதம் ஒரு முறை வெளியிலிருந்து பார்க்க வேண்டியவை

இதற்கு ஆள் கூப்பிட வேண்டாம், காசும் செலவில்லை. பத்து நிமிடம் போதும்.

முதலில் மூடிகள். வெடிப்பு, துருப்பிடித்த இரும்பு, ஆட்டம், ஓரத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உடைந்த மூடியைப் பலகையாலோ தகரத்தாலோ மறைத்து வைப்பது பெரிய ஆபத்து. அதன் மேல் ஒரு பிள்ளை கால் வைத்தாலே போதும்.

இரண்டாவது, தொட்டியைச் சுற்றியுள்ள தரை. மழை இல்லாத நாளிலும் ஈரமாக இருந்தாலோ, அந்த இடத்துப் புல் மட்டும் கரும்பச்சையாகச் செழித்திருந்தாலோ தொட்டியோ குழாயோ கசிகிறது என்று சந்தேகிக்கலாம். தரை இலேசாகக் கீழிறங்கியிருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது.

மூன்றாவது, கால்வாயில் வெளிக்குழாய் முடியும் இடம். ஒருவர் கழிவறையில் தண்ணீர் விட, மற்றவர் அங்கே நின்று பார்க்கலாம். இலேசாகக் கலங்கிய தண்ணீர் வந்தால் பெரிய குறை இல்லை. கறுப்பாகவோ துகள்களோடோ வந்தால் கசடு வெளியேறுகிறது. வீட்டுக்காரர் மூடியைத் திறக்காமலேயே செய்யக்கூடிய மிக நல்ல சோதனை இதுதான்.

நான்காவது, காற்றுக்குழாய். அதன் நுனியில் உள்ள வலை கிழிந்திருந்தால் கொசு உள்ளே போய் முட்டையிடும். அழுக்குத் தண்ணீரில் பெருகும் குலெக்ஸ் கொசுவுக்குத் தொட்டி ஏற்ற இடம். உடைந்த தொட்டிகளில் ஏடிஸ் கொசுவும் பெருகும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. பூச்சட்டி, டயர் என்று வீடு முழுக்கத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, தொட்டி மூடியின் வெடிப்பை விட்டுவிட்டால் பயனில்லை.

ஐந்தாவது, வீட்டுக்குள் வரும் அறிகுறிகள். கழிவறையில் தண்ணீர் மெதுவாக இறங்குவது, ‘களக் களக்’ என்ற ஓசை, மழை பெய்தால் மட்டும் எழும் நாற்றம், கரப்பான்பூச்சி திடீரென்று பெருகுவது ஆகியவை.

மூடியைத் திறந்து செய்யும் பரிசோதனை

ஆண்டுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்ப்பது இன்னொரு வேலை. இதைப் பழக்கப்பட்ட ஆளைக் கொண்டு செய்வதே பாதுகாப்பு. என்ன செய்கிறார் என்று வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் நல்லது.

தண்ணீர் மட்டத்தை முதலில் பார்ப்பார்கள். வெளிக்குழாயின் அடிப்பகுதியோடு மட்டம் சரியாக இருந்தால் தொட்டி ஒழுங்காக இருக்கிறது. மட்டம் அதற்குக் கீழே இருந்தால் தொட்டியில் வெடிப்பு விழுந்து கழிவு மண்ணுக்குள் கசிகிறது. மட்டம் மேலே இருந்தால் வெளிக்குழாய் அடைத்திருக்கிறது.

அடுத்து கசடின் ஆழம். நீண்ட கம்பின் நுனிப்பக்கத்தில் வெள்ளைத் துணியைச் சுற்றி, அடி தட்டும்வரை இறக்கி, சில நிமிடம் விட்டு மெதுவாக எடுத்தால், கசடு நின்ற உயரம் வரை துணியில் கறை படிந்திருக்கும். அதோடு மேலே மிதக்கும் ஏட்டின் கனத்தைக் கூட்ட வேண்டும். இரண்டும் சேர்ந்து மொத்த ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டுவிட்டால் கசடை எடுக்கும் நேரம் வந்துவிட்டது. எடுத்துக்காட்டாக, தண்ணீர் 4 அடி ஆழம் என்றால் 1 அடி 4 அங்குலம்தான் எல்லை.

கடைசியாக, இரண்டு ‘டி’ குழாய்களும் இடத்தில் இருக்கின்றனவா, இரு அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் இடியாமல் இருக்கிறதா, மழைநீர்க் குழாயை யாரேனும் தொட்டியோடு இணைத்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கூரைத் தண்ணீர் தொட்டிக்குள் வந்தால், ஒவ்வொரு மழையும் கசடைக் கலக்கி வெளியே தள்ளிவிடும்.

மூடியைத் திறப்பதில் உயிர் ஆபத்து

தொட்டிக்குள் மீத்தேன், ஹைட்ரஜன் சல்பைடு ஆகிய வாயுக்கள் சேர்ந்திருக்கும். மீத்தேன் தீப்பிடிக்கக்கூடியது. திறந்த தொட்டியின் பக்கத்தில் சிகரெட் பிடிப்பதும் தீக்குச்சி கிழித்துப் பார்ப்பதும் கூடவே கூடாது.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை வாடை கொண்டது. இதன் பெரிய ஆபத்து, அளவு கூடும்போது வாடை தெரியாமல் போவதுதான். காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கை எட்டும்போது மூக்கு அந்த வாடையை உணரும் திறனை இழந்துவிடும். ‘நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம்’ என்று நினைப்பவர் சில மூச்சிலேயே மயங்கி விழக்கூடும். அவரைத் தூக்க இறங்கும் தம்பியோ மகனோ அதே இடத்தில் விழுவார். பல நாடுகளில் தொட்டி விபத்துகளில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இறப்பது இப்படித்தான்.

ஆகவே எந்தக் காரணத்துக்காகவும் தொட்டிக்குள் இறங்கக் கூடாது. விழுந்த கைப்பேசிக்காகவும் இறங்கக் கூடாது, வாளியால் அள்ளிச் சுத்தம் செய்யவும் கூடாது. குனிந்து தலையை உள்ளே விட்டுப் பார்ப்பதும் தவறு. யாரேனும் விழுந்துவிட்டால் 999 எண்ணுக்கு அழைத்துத் தீயணைப்பு மீட்புப் படையை வரவழைக்க வேண்டும். மூடி திறந்திருக்கும் நேரம் முழுவதும் பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்திருப்பது பெரியவர்களின் பொறுப்பு.

தொட்டிக்கு மேல் கட்டிய சமையலறை

வரிசை வீடுகளில் அதிகம் காணும் கோளாறு இது. வீட்டைப் பெரிதாக்கும்போது பின்புறத்தை அடைத்துச் சமையலறை ஆக்குகிறார்கள். அங்கே தொட்டி இருந்தால், குத்தகையாளர் மூடியின் மேலேயே சிமெண்டு போட்டு டைல்ஸ் பதித்துவிடுகிறார். முன்புறத்தில் இருந்தால் கார் நிறுத்துமிடம் ஆகிறது. சில வீடுகளில் துளசி மாடமும் சாமி மேடையும் கூட அதன் மேல் வந்துவிடுகின்றன.

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் லோரி வரும் நாளில் மூடியைத் திறக்க வழியில்லை. டைல்ஸை உடைக்க மனம் வராமல் குடும்பம் தள்ளிப்போடுகிறது. தொட்டி பத்து, இருபது ஆண்டுகள் திறக்கப்படாமல் கிடக்கிறது. சுமை தாங்கும்படி கட்டப்படாத தொட்டியின் மேல் தினமும் கார் ஏறினால் மேல்தளம் வெடிக்கும். மூடிய சமையலறைக்குள் வாயு கசிந்தால் அது இன்னும் மோசம்.

வீட்டைப் பெரிதாக்க நினைப்பவர்கள் வேலை தொடங்கும் முன்பே தொட்டியின் இடத்தைக் குத்தகையாளருக்குக் காட்டிவிட வேண்டும். மூடி வெளியே தெரியும்படியும், காற்றுக்குழாய் கூரைக்கு மேல் போகும்படியும் வேலையைச் செய்யச் சொல்லலாம். ஏற்கெனவே மூடிவிட்டவர்கள், அந்த இடத்தில் காற்றுப் புகாதபடி இறுக்கமாக மூடும், தேவைப்படும்போது திறக்கக்கூடிய மூடி ஒன்றைப் பொருத்திக்கொள்வது நல்லது. ஒரு நாள் வேலையில் முடியக்கூடிய இச்செலவு, இடிந்த தொட்டியைத் தோண்டி எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் மிகவும் சிறியது.

லோரி வரும் நாளில்

கசடு எடுக்கும் வேலையை உரிமம் பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இண்டா வாட்டரை அழைக்கலாம், அல்லது ஸ்பான் எனப்படும் தேசிய நீர் சேவை ஆணையத்தின் அனுமதி பெற்ற குத்தகையாளரை அழைக்கலாம். வாசலில் விளம்பரத் தாளை ஒட்டிவிட்டுப் போகும் எல்லாரும் அனுமதி பெற்றவர்கள் அல்லர். எடுத்த கசடைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டு போகாமல், இரவில் ஆற்றோரத்திலோ செம்பனைக் காட்டிலோ கொட்டிவிடுபவர்களிடம் கொடுத்தால், குறைந்த விலைக்கு நாமே அந்தக் கேட்டை வாங்கியதாகிவிடும்.

வீட்டுக்காரர் கவனிக்க வேண்டியவை சில. விலையை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். லோரி எவ்வளவு தூரம்வரை குழாய் போடும் என்றும் கேட்க வேண்டும். தொட்டியின் எல்லா அறைகளிலும் கசடை எடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். முதல் அறையில் மேலே உள்ள தண்ணீரை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போனால், அடியில் இருப்பது அப்படியே கிடக்கும். காலியான தொட்டியில் வெடிப்பும் உடைந்த குழாயும் நன்றாகத் தெரியும் என்பதால், மூடும் முன் வெளிச்சம் காட்டிப் பார்க்கச் சொல்லலாம். கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்வதும் நல்லது. ரசீதை வாங்கி வீட்டுப் பத்திரங்களோடு பத்திரப்படுத்த வேண்டும்.

தொட்டியைச் சோப்பும் கிருமிநாசினியும் போட்டுக் கழுவத் தேவையில்லை. ஒட்டியிருக்கும் சிறிதளவு கசடிலிருந்து நுண்ணுயிர்கள் மீண்டும் பெருகிவிடும். கடையில் விற்கும் பொடிகளும் திரவங்களும் கசடை எடுப்பதற்கு ஈடாகா.

அடை மழைக்காலத்தில் தொட்டியை முழுதும் காலி செய்வதில் ஓர் எச்சரிக்கை உண்டு. தரை ஊறி, நிலத்தடி நீர் உயர்ந்திருக்கும்போது, காலியான ஃபைபர் தொட்டி மண்ணிலிருந்து மேலே எழும்பிக் குழாய்களை உடைத்துவிடக்கூடும். ஆகவே ஆண்டு இறுதி மழைக்கு முன்பே வேலையை முடித்து, தொட்டியில் உடனே தண்ணீர் நிரப்பிவிடுவது நல்லது.

தொட்டிக்குள் போகக் கூடாதவை

பழைய வீடுகள் பலவற்றில் கழிவறைக் கழிவு மட்டுமே தொட்டிக்குப் போகும். சமையலறைத் தண்ணீர் நேரே கால்வாய்க்குப் போகும். வேறு வீடுகளில் எல்லாம் ஒன்றாகச் சேரும். எப்படியிருந்தாலும் முறுக்கும் வடையும் சுட்ட எண்ணெயைக் கழிவறையில் ஊற்றக் கூடாது. ஆறியதும் அது குழாய்க்குள் உறைந்து ஒட்டிக்கொள்ளும். பழைய போத்தலில் ஊற்றி மறுசுழற்சிக்குக் கொடுக்கலாம்.

ஈரத் துடைப்பான், பிள்ளைகளின் டயாப்பர், மாதவிடாய் அணையாடை, பஞ்சு, தலைமுடி, சிகரெட் துண்டு, சோறு, பூஜைப் பூக்கள் எதுவும் தொட்டிக்குள் போகக் கூடாது. இவற்றை நுண்ணுயிர்கள் கரைப்பதில்லை, அல்லது கரைக்க நெடுநாள் ஆகும். குளோரோக்ஸ் போன்ற வெளுப்பு மருந்தை அளவோடு பயன்படுத்தினால் கேடில்லை. போத்தல் போத்தலாக ஊற்றினால் தொட்டிக்குள் வேலை செய்யும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பு, திருமணம், கருமாதி என்று ஒரே நாளில் ஐம்பது நூறு பேர் வரும் வீட்டில், தொட்டிக்கு வழக்கத்தைவிட மிக அதிகமான சுமை ஒரே நாளில் வந்துவிடும். வீட்டுக்குச் சாயம் பூசும் பட்டியலில் தொட்டியையும் சேர்த்து, ஓரிரு மாதம் முன்பே பார்வையிட்டால் விருந்தாளிகள் முன் சங்கடப்பட நேராது.

தோட்டக் குடியிருப்பு, கோயில், பள்ளி

இன்னும் தோட்டத்து வீட்டில் குடியிருப்பவர்கள் தங்கள் உரிமையை அறிந்திருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் 1990-ஆம் ஆண்டின் 446-ஆவது சட்டப்படி, வீடுகளையும் அவற்றின் வசதிகளையும் நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை. தொட்டி உடைந்தாலோ வழிந்தாலோ நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்வது நல்லது. பலன் இல்லையென்றால் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் இலாகாவிடமோ போகலாம்.

கிணற்றுத் தண்ணீரைப் பயன்படுத்தும் இடங்களில் இன்னொரு கவலை உண்டு. கம்போங் வீடுகளில் உள்ள ஊற்றுக் கழிவறைகளில் கழிவுநீர் குழிக்குள் இறங்கி மண்ணில் ஊறும். கிணற்றுக்கும் கழிவுக்குழிக்கும் நடுவே குறைந்தது 50 அடி இடைவெளி வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். கிணறு குழியை விட மேட்டில் இருப்பது நல்லது. ஐயம் இருந்தால் மாவட்டச் சுகாதார அலுவலகத்தை அணுகலாம். குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைப்பது எப்போதும் பாதுகாப்பு.

பழைய கோயில்களுக்கும் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் சொந்தத் தொட்டிகள் உண்டு. நாள்தோறும் சிலர் மட்டுமே பயன்படுத்தும் கோயில் கழிவறையைத் தீமிதித் திருவிழா நாளில் ஆயிரம் பேர் பயன்படுத்துவார்கள். நிர்வாகக் குழுக்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஆண்டுக் கூட்டத்தில் கூரை, சாயம், ஒலிபெருக்கி பற்றிப் பேசும்போது தொட்டியையும் ஒரு வரியாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

பொறுப்பு யாருடையது?

2006-ஆம் ஆண்டின் நீர் சேவைத் தொழில் சட்டம் 2008 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் இருக்கிறது. தனித் தொட்டியை நல்ல நிலையில் பராமரிப்பதும், கசடை அகற்றுவதும் அந்தச் சட்டப்படி வீட்டுக்காரரின் கடமை. தவறினால் அது குற்றம். கழிவுநீர் பில் வரவில்லை, யாரும் கேட்கவில்லை என்பது காரணமாகாது.

வீட்டை வாடகைக்கு விடுபவர்கள், தொட்டியைப் பார்வையிடும் பொறுப்பு யாருடையது, செலவு யாருடையது என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொண்டால் பின்னாளில் சச்சரவு வராது. கைமாறிய பழைய வீட்டை வாங்குபவர்கள் கூரை ஒழுகுகிறதா, கரையான் இருக்கிறதா என்று பார்ப்பதோடு, கடைசியாகக் கசடு எடுத்த ரசீதைக் கேட்டுப் பார்க்க வேண்டும். ரசீது இல்லையென்றால், பணம் கைமாறும் முன் மூடியைத் திறந்து காட்டச் சொல்வதில் தவறில்லை.

வீட்டில் ஒரு சிறு குறிப்பேடு போதும். தொட்டி இருக்கும் இடம், மூடிகளின் எண்ணிக்கை, கடைசியாகத் திறந்து பார்த்த தேதி, கசடின் அளவு, கசடு எடுத்த தேதி, அடுத்து பார்க்க வேண்டிய மாதம் ஆகிய ஆறு விவரங்களை அதில் எழுதி, காருக்குச் சாலை வரி கட்டும் தேதியை நினைவில் வைப்பது போல் இதையும் வைத்துக்கொள்ளலாம். அப்பா மட்டும் அறிந்த இடமாகத் தொட்டி இருந்துவிடாமல், வளர்ந்த பிள்ளைகளையும் அழைத்து மூடியைக் காட்டிவைப்பது நல்லது. வீடு அவர்கள் கைக்குப் போகும்போது தொட்டியும் சேர்ந்தே போகும்.